சாயம் போகாத சட்டை, சாயம் போன ஆறு: பருத்தி டி-ஷர்ட்டைப் பொறுப்புடன் வாங்கவும் பேணவும்

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு வாங்கிய கருஞ்சிவப்பு டி-ஷர்ட் ஒன்றை அவசரத்தில் என் தந்தையின் வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது வாளித் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த நீரைப் போல இருந்தது. வேட்டி அதன்பின் வெளியே கட்டிச் செல்லும் நிலையில் இல்லை. கடைக்கு எடுத்துச் சென்றபோது, முதல் சலவையில் அப்படித்தான் போகும், கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்றார்கள். உப்புப் போட்டும் நிற்கவில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் மாமாதான் காரணத்தைச் சொன்னார்: "நூல்ல புடிக்காத சாயத்தைப் பட்டறையிலேயே அலசி எடுத்துரணும் மாப்ள. தண்ணியும் நேரமும் மிச்சம் பண்றவன் அதை உன் வாளிக்கு அனுப்பிடறான்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது இன்னொரு கேள்வியும் எழுந்தது. நன்றாக அலசிய சட்டை என் வாளியில் சாயம் விடாது. ஆனால் அந்தச் சாயம் பட்டறைத் தொட்டியில் இறங்கித்தானே இருக்கும்? அது அங்கிருந்து எங்கே போனது? ஒரு துணி தரமானதா என்பதைக் கையால் தொட்டும் துவைத்தும் அறியலாம். அதைச் செய்த நிறுவனம் பொறுப்பானதா என்பதை அப்படி அறிய முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்பதை, நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பருத்திப் பின்னலாடையை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாயம் ஏறும் விதத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். நீரில் கரைந்த சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு உப்பும், அது நூலோடு வேதிப்பிணைப்பு கொள்வதற்குச் சோடா போன்ற காரமும் சேர்க்கிறார்கள். போடும் சாயம் முழுவதும் பிணைவதில்லை. நிறத்தையும் சாய வகையையும் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீரோடு வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. இப்படி வீணான சாயம் துணியில் ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர, இனி எந்நாளும் நூலைப் பிடிக்காது. கொதிநிலைக்கு நெருங்கிய வெந்நீரில் சோப்பிங் என்னும் அலசலைத் திரும்பத் திரும்பச் செய்துதான் அதை நீக்க முடியும். வீட்டில் உப்புப் போட்டு ஊறவைப்பது இந்த வகைச் சாயத்துக்கு ஏன் பயன்படுவதில்லை என்பதற்கும் இதுவே விடை: உப்பு சாயத்தை நூலின் பக்கம் தள்ளும் பொருளே அன்றி, பிணைக்கும் பொருள் அன்று.

உப்பின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஆழ்ந்த நிறங்களுக்குச் சாய நீரில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்புச் சேர்ப்பது வழக்கம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்றும், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றும் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு ஆகிறது. ஒரு கிலோ துணியில் ஐந்து டி-ஷர்ட் தைக்கலாம் என்றால், ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு நூறு கிராம் அளவுக்கு, அதாவது இரண்டு கைப்பிடி உப்பு. அதில் எதுவும் துணியில் தங்குவதில்லை. அவ்வளவும் கழிவுநீரோடுதான் போகிறது. நிறத்தைக்கூட நுண்ணுயிர்களையும் வேதிப்பொருள்களையும் கொண்டு ஓரளவு நீக்கிவிடலாம், கரைந்த உப்பை அப்படி நீக்க முடியாது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடையில் முதலில் தொட்டுப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம், நம்மை மிகுதியாக ஏமாற்றுவதும் அதுதான். சிலிக்கான் மென்மையூட்டி கொடுத்த மலிவுத் துணி அலமாரியில் பட்டுபோல வழுக்கும். சில சலவைகளில் அந்த வழவழப்பு போய், மேலே பஞ்சு எழும்பிவிடும். அதனால் தொடுவதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் ஒரே சீராக ஓடினால் நல்லது. மேகம் படர்ந்ததுபோல் தடித்தும் மெலிந்தும் தெரிந்தால் நூல் மட்டமானது. கோம்ப்டு நூல் என்பது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பஞ்சில் நூற்றது; கார்டட் நூலில் அந்தக் குட்டை இழைகள் தங்கியிருக்கும், பின்னால் உருண்டை உருண்டையாக எழும்புபவை பெரும்பாலும் அவைதாம். இதைக் கடைக்காரரிடம் கேட்கலாம். தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

அடுத்தது ஈரக் கைக்குட்டைச் சோதனை. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்துப் பிழிந்துவிட்டு, சட்டையின் உட்புறத் தையல் ஓரத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். ஆய்வுக்கூடத்திலும் இதையே பொறி கொண்டு பத்துத் தேய்ப்புகளாகச் செய்து, ஒட்டிய நிறத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 5 என்றால் துளியும் ஒட்டவில்லை. கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு ஆகியவற்றில் மெல்லிய சாயல் ஒட்டுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கைக்குட்டையில் பளிச்சென்று கறை விழுந்தால் அந்தச் சட்டையை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. காசு கொடுப்பவருக்கு இந்த உரிமை உண்டு.

பிறகு சட்டையை மேசைமேல் விரித்து, பக்கத் தையலைக் கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். அது நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பினால், முறுக்கு அடங்காத நூலில் பின்னிய துணி என்று பொருள். ஒவ்வொரு சலவையிலும் இன்னும் கொஞ்சம் திரும்பும். கழுத்தைச் சுற்றிய ரிப் பட்டையை இழுத்துவிட்டால் உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். உட்புறம் திருப்பி, தோள்பட்டையில் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா என்றும், ஓவர்லாக் தையலை இரு பக்கமும் இழுத்தால் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான் அது. நம் வெயிலுக்கு 140 முதல் 160 வரை இதமாக இருக்கும். 180, 200 என்று போனால் உழைக்கும், ஆனால் வியர்க்கும். கனமானதெல்லாம் தரமானது என்று எண்ண வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் சலவைக்கு முன்பும் பின்பும் அங்குல நாடாவால் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 28 அங்குலச் சட்டை ஒரே சலவையில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் துணியைப் பதப்படுத்தும்போதே வேலையைக் குறைத்திருக்கிறார்கள். பில்லோடு திருப்பிக் கொடுக்க இந்த அளவு ஒரு சான்றாகும். நூறு விழுக்காடு பருத்தி என்ற லேபிளில் ஐயம் இருந்தால், கீழ் மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, வீட்டில் ஒரு தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக உறையும்.

சான்று முத்திரைகள்

முத்திரை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது, கையில் இருக்கும் துணியில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதித்துத் தருவது. கைக்குழந்தைகளின் ஆடைக்கு அதில் மிகக் கடுமையான தனி வகுப்பு உண்டு. குழந்தைக்கு வாங்கும்போது நான் இதைத்தான் முதலில் தேடுவேன். ஆனால் சாயநீர் எங்கே போனது என்பதை அந்த முத்திரை சொல்லாது. ஜி.ஓ.டி.எஸ். (உலகளாவிய ஆர்கானிக் துணித் தரநிலை) முத்திரை இன்னும் விரிவானது: இயற்கை வேளாண்மையில் விளைந்த இழை எவ்வளவு என்பதோடு, பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் தொழிலாளர் நிலையையும் அது பார்க்கிறது. அதில் ஆர்கானிக் என்று மட்டும் இருந்தால் குறைந்தது 95 விழுக்காடும், ஆர்கானிக் இழை கொண்டு செய்தது என்று இருந்தால் குறைந்தது 70 விழுக்காடும் இயற்கை வேளாண்மையில் விளைந்த இழை இருக்க வேண்டும்.

முத்திரையோடு சான்றளித்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத பச்சை இலைப் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. இந்தச் சரிபார்ப்பை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2020இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் புழங்கியதை அந்த அமைப்பே கண்டறிந்து வெளியிட்டது. அதற்காகச் சான்றே வேண்டாம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை, சான்றைச் சரிபார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

எண்ணும் இல்லாமல், விளக்கமும் இல்லாமல், சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமையானது, இயற்கையானது என்று வெறுமனே அச்சிட்டு விற்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் ஏற்கவில்லை. அப்படிச் சொல்பவர் அதற்கான ஆதாரத்தை வாங்குபவர் காணும்படி வைக்க வேண்டும். ஆதாரம் கேட்டும் கிடைக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பேச்சில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்வது நொய்யல். பாசனத்துக்கென்று அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் சாயக்கழிவு தேங்கியது. கடைமடை உழவர்களின் கிணறுகள் உப்பேறின, தென்னைகள் கருகின, கால்நடைகள் குடிக்கவும் நீர் இல்லாமல் போயிற்று. அணை வேண்டும் என்று கேட்ட பகுதியின் உழவர்களே அந்த அணையில் நீரைத் தேக்காதீர்கள் என்று நீதிமன்றம் போக வேண்டி வந்ததை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. நெடிய வழக்குக்குப் பின், 2011 ஜனவரி 28 அன்று, சுத்திகரிப்பு விதியை நிறைவேற்றாத 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் மீண்டும் இயங்கியது, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான்.

அந்த முறையில் கழிவுநீரை நுண்ணுயிர்த் தொட்டிகளில் தெளியவைத்து, பிறகு எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) சவ்வுகள் வழியே செலுத்தி, நல்ல நீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரித்து, முடிந்தவரை மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகும் வேலை இது. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகத் தேங்குவது இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல். ஆகவே இதை ஒழுங்காகச் செய்யும் பட்டறையின் கூலி, இரவில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுபவரின் கூலியைவிடக் கட்டாயம் அதிகமாகத்தான் இருக்கும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கறுப்பு டி-ஷர்ட்டைக் கையில் எடுக்கும்போது, இந்தச் செலவு அந்த விலையில் எங்கே அடங்கியிருக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எனினும் விலை உயர்ந்ததாலேயே அது அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. அதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது அவசியம். நிறுவனத்தின் இணையதளத்தில் சமூகப் பொறுப்பு என்ற பக்கத்தில் மரக்கன்று நடும் படமும் பள்ளிக்கு மேசை வழங்கும் படமும் இருக்கும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை இத்தகைய பணிகளுக்குச் செலவிட வேண்டும். தன் வழக்கமான தொழில் நடவடிக்கையை இந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று விதியே சொல்கிறது. அதாவது, அந்தப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சாயநீரைப் பற்றியோ கூலியைப் பற்றியோ அது நமக்கு எதையும் தெரிவிப்பதில்லை. அந்த 2 விழுக்காட்டைவிட, லாபம் எந்த வழியில் வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனமாக இருந்தால் அதை அறிய ஒரு வழி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ளவை 2022-23 முதல், பி.ஆர்.எஸ்.ஆர். எனப்படும் பொறுப்பு, நீடித்த தன்மை குறித்த அறிக்கையை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபிக்காக வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையோடு சேர்ந்தே அது இணையத்தில் கிடைக்கும். நூறு பக்கமும் படிக்க வேண்டியதில்லை. ஆறாவது கோட்பாட்டின் கீழ், எவ்வளவு நீர் எடுத்தார்கள், சொட்டும் வெளியேற்றாத முறை இருக்கிறதா என்ற கேள்விகளுக்கான விடையையும், ஐந்தாவது கோட்பாட்டின் கீழ் குறைந்தபட்சக் கூலி பற்றிய அட்டவணையையும் பாருங்கள். முந்தைய ஆண்டின் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் போக்கு புரிந்துவிடும்.

பட்டியலிடாத சிறு நிறுவனங்களே பின்னலாடையில் மிகுதி. அவர்களில் பலர் துணியை வெளிப் பட்டறையில் கூலிக்கு, அதாவது ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துச் சாயமேற்றி வாங்குபவர்கள். அவர்களுக்கு நான் எழுதும் மின்னஞ்சல் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "தங்கள் நிறுவனத்தின் கருநீல டி-ஷர்ட் ஒன்றை வாங்கியுள்ளேன். அதன் துணிக்கு எந்தப் பட்டறையில் சாயமேற்றப்பட்டது? அந்தப் பட்டறை தனிச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துள்ளதா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்த நாள் வரை செல்லும்? தையல் கூடத்தில் கூடுதல் நேர வேலைக்கு என்ன கணக்கில் கூலி தரப்படுகிறது?" லேபிளில் அல்லது உறையில் நுகர்வோர் தொடர்பு முகவரி இருக்கும், அதற்கே அனுப்பலாம். சிலர் பட்டறையின் பெயரோடு விடை எழுதுவார்கள். சிலர், தரத்தில் நாங்கள் எப்போதும் கவனமாக இருக்கிறோம் என்று பொதுவாக எழுதுவார்கள். பலர் எழுதவே மாட்டார்கள். முதல் வகையினரிடம் மறுபடியும் வாங்குங்கள். பட்டறையின் பெயர் தெரிந்துவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வாரியத்திடமே இசைவாணை பற்றிக் கேட்கலாம்.

வாங்குவதிலும் துவைப்பதிலும் நம் பங்கு

வெளிர் நிறங்களைத் தேர்ந்தால் சாயமும் குறையும், உப்பும் குறையும். சாயமே ஏற்றாத பருத்தி நிறத் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் ஆகிறது என்ற கணக்கு உலக அளவில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி பட்டறையில் அன்று, பருத்திக் காட்டிலேயே செலவாகிறது. அந்த நீரை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் திருப்பித் தராது. ஆறு மாதத்தில் கிழியும் சட்டைகள் நான்கை வாங்குவதைவிட, இரண்டு ஆண்டு உழைக்கும் ஒன்றை வாங்குவது நீருக்கும் நல்லது, நம் பணத்துக்கும் நல்லது. திருப்பூர்க் காதர்பேட்டையில் கிடைப்பது போன்ற ஏற்றுமதி மிச்சச் சரக்கு இவ்வகையில் நல்ல தேர்வு. ஏற்கெனவே தைத்துக் கிடப்பது அது, புதிதாக நீர் கேட்பதில்லை. செகண்ட்ஸ் என்று தரும் குறையுள்ள சரக்கில் ஓட்டையும் கறையும் எங்கே என்று மட்டும் விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

புதிய ஆழ்நிறச் சட்டையை முதல் இரண்டு முறை தனியாக, உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, வெறும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். நீண்ட நேரம் ஊறவைக்க வேண்டாம். சோப்புத்தூள் அளவுக்கு மேல் போனால் அழுக்கு கூடுதலாகப் போவதில்லை, அலசும் தண்ணீர்தான் கூடுதலாகிறது. பின்னல் துணி ஈரத்தில் தன் பாரத்தால் இழுபடும் என்பதால் தோளைப் பிடித்துக் கொடியில் தொங்கவிடாமல், இடுப்பு மட்டத்தில் பாதியாக மடித்துப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஒவ்வொரு நாளும் துவைத்தே ஆக வேண்டும் என்பதால், துவைக்கும் முறையில் காட்டும் கவனமே சட்டையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அக்குள் தையல் விட்டால் அன்றைக்கே ஊசி நூல் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் பின்னல் கண்ணி கண்ணியாகப் பிரிந்து, தைக்க இடமிருக்காது.

நைந்துபோன பிறகு அது தூய பருத்தியா, கலப்பா என்பது மறுபடியும் முக்கியமாகிறது. பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணிக் கழிவு இன்ன இழை என்று தெரிந்து, பெருமளவில் ஒரே இடத்தில் கிடைப்பதால், கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடியும் பஞ்சாகி நூலாகிறது. வீட்டுப் பழந்துணிக்கு அந்த வாய்ப்பு அரிது. ஆகவே அதை வீட்டிலேயே முழுவதும் பயன்படுத்திவிடுவது நல்லது. ஓவர்லாக் தையல்களையும் கழுத்து ரிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, முதுகுத் துண்டை நான்காக மடித்தால் தரை துடைக்கும் துணியாகும். கைகளை வெட்டினால் அடுப்பங்கரைக்குக் கரித்துணி இரண்டு கிடைக்கும். நீரைச் சரியாக உறிஞ்சாத கலப்புத் துணி துடைப்பதற்கு உதவாது. அதைத் தலையணைக்குள் திணிக்க எடுத்து வையுங்கள். பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குகள் எண்ணெய் துடைக்க வேஸ்ட் துணியைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பருத்தித் துண்டுகளைத் துவைத்து, பொத்தானும் ஜிப்பும் நீக்கிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.